கேளுங்க சொல்றேன்: பாப்பாவோட முதல் சர்ஃப்போர்டு

கேள்வி (பெங்களூர் முருகேஷ்பாளையாவிலேர்ந்து ஒரு வாசகி): வணக்கம் அண்ணா. பொண்ணுக்கு 7 வயசு, 22 கிலோ, 4 அடி உயரம். மே லீவுக்கு சென்னைல அம்மா வீட்டுக்குப் போனப்ப கோவளத்துல மூணு நாள் சர்ஃபிங் கிளாஸ் சேர்த்துவிட்டோம், மூணாவது நாள் எழுந்தே நின்னுட்டா, அதுலேர்ந்து வீட்டுல தலகாணி, பாய் எல்லாம் அவளுக்கு போர்டுதான். பர்த்டேக்கு சொந்தமா ஒண்ணு வேணுமாம். வீட்டுக்காரர் ஆபீஸ்ல ஒருத்தர் 5 அடி 8 இஞ்ச் ஃபைபர் போர்டை பாதி விலைக்குத் தரேங்கறார். மாமியார், வளர்ற பிள்ளை, பெருசா 8 அடியிலயே வாங்கிடுங்கறாங்க. என்ன பண்ணட்டும்?

பதில்: மொதல்ல அந்த ஃபைபர் போர்டை வேண்டாம்னு சொல்லிடுங்கம்மா, சும்மா குடுத்தாலும் வேண்டாம். என் பையனுக்கு 8 வயசுல நான் அதைத்தான் வாங்கிக் குடுத்தேன், கத்துக்க இதான் பெஸ்ட்னு கடைக்காரர் சொன்னதை நம்பி. ரெண்டாவது நாள், முட்டி அளவு அலைதான், பெருசு கூட இல்ல. இவன் போர்டை நெஞ்சுக்கு முன்னால பிடிச்சுக்கிட்டு அலையைப் பார்த்து நின்னான், அலை வந்து போர்டைத் தள்ளுச்சு, போர்டோட முனை நேரா அவன் புருவத்துல. நாலு தையல். தையல் பிரிச்சப்புறமும் ஒரு வருஷம் தண்ணி பக்கமே வரலை, எனக்கு அதுதான் தையலை விட வலிச்சுது. அதனால பாப்பாவுக்கு இதை இன்னிக்கே சொல்லிக் குடுங்க: போர்டு எப்பவும் பக்கவாட்டுல இருக்கணும், அலைக்கும் உடம்புக்கும் நடுவுல வரவே கூடாது.

வாங்க வேண்டியது சாஃப்ட் டாப். உள்ள தெர்மகோல் மாதிரி ஃபோம், மேல மெத்துனு ஒரு பரப்பு, அடியில வழவழன்னு பிளாஸ்டிக். கிளாஸ்ல அவளுக்குக் குடுத்திருப்பாங்களே, அதேதான். நீளம் அவ உயரத்தோட ஒரு அடி, ஒன்றரை அடி கூட, அதாவது 5 அடியிலேர்ந்து 5 அடி 6 இஞ்ச் வரைக்கும். போர்டு மேல அதோட கன அளவை லிட்டர் கணக்குல போட்டிருந்தா, அது 30க்கு மேல இருந்தா 22 கிலோ பிள்ளையை நல்லா தாங்கும். ஃபின், அதாவது போர்டுக்கு அடியில மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கறது, வளையற ரப்பர் மாதிரி இருக்கணும், கட்டை விரலால தள்ளிப் பாருங்க, வளையலைன்னா கால்ல கோடு போட்டுடும்.

ஆனா நான் ரொம்ப பார்க்கறது வேற ஒண்ணு. போர்டை அவளே தூக்கணும். மத்ததெல்லாம் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் பரவாயில்ல. டேப் எடுத்து அவ அக்குள்லேர்ந்து விரல் நுனி வரைக்கும் அளந்து பாருங்க, 7 வயசுக்கு கிட்டத்தட்ட 20 இஞ்ச் வரும். போர்டோட அகலம் அதுக்கு மேல ரொம்ப போச்சுன்னா கக்கத்துல இடுக்கிக்க முடியாது, தலை மேல வெச்சுக்கும், மணல்ல காத்து அடிச்சா போர்டு படகுப் பாய் மாதிரி திரும்பி பிள்ளையையும் சேர்த்து சுத்திவிடும். கோவளத்துல ஒரு சின்னப் பொண்ணைப் பார்த்தேன், அஞ்சடி போர்டை இடுப்புல சாய்ச்சு, இன்னொரு கையில லீஷை (போர்டையும் காலையும் சேர்த்துக் கட்டற கயிறு) சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு, அப்பா கையை நீட்டியும் குடுக்காம தண்ணி வரைக்கும் தனியா நடந்து போனா. விழுந்தா, எழுந்தா, திரும்ப தானே இழுத்துக்கிட்டு உள்ள போனா. ஒரு மணி நேரத்துல எத்தனை அலை பிடிச்சிருப்பா! 8 அடி போர்டுன்னா திருப்பறதும் தள்ளறதும் எல்லாம் பெரியவங்க கையில, அவங்க களைச்சா கிளாஸ் முடிஞ்சுது. 5 அடி 6 இஞ்ச் போர்டு மூணு நாலு கிலோதான் இருக்கும், அவ ஸ்கூல் பேக் அளவுதான். மாமியார்கிட்ட சொல்லுங்க, அவ 35 கிலோ ஆகற வரைக்கும் இதே போர்டு தாங்கும், வீணாகாது.

லீஷ் போர்டு நீளத்துக்குச் சமமா இருக்கட்டும், பின்னங்கால், அதாவது போர்டுல பின்னால வைக்கற கால், அதோட கணுக்கால்ல கட்டணும், கையில சுத்தவே கூடாது. எது பின்னங்கால்னு தெரியலைன்னா சாக்ஸ் போட்டு வழுக்கற தரையில ஓடி வந்து சறுக்கச் சொல்லுங்க, முன்னால போற கால் முன்னங்கால், மத்தது பின்னங்கால், தானா தெரிஞ்சிடும். ராஷ் கார்டுன்னு உடம்போட ஒட்டற நீச்சல் சட்டை ஒண்ணும் வாங்கிடுங்க, இல்லன்னா போர்டுல படுத்து கையால துடுப்பு போட்டே வயிறு சிவந்து போயிடும்.

இன்னொண்ணு, பெங்களூர்ல இருந்துக்கிட்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கடலைப் பார்ப்பீங்கன்னா இப்போ போர்டு வாங்காதீங்க. கோவளத்துல மீனவர் மூர்த்தி மேகவன் ஆரம்பிச்ச ஸ்கூல்லயும் சரி, மங்களூர் பக்கம் முல்கில 2004லேர்ந்து நடக்கற மந்த்ரா சர்ஃப் கிளப்லயும் சரி, கிளாஸுக்குப் போனா போர்டு அவங்களே தருவாங்க. ராத்திரி மெஜஸ்டிக்ல பஸ் ஏறினா காலைல மங்களூர், அங்கேர்ந்து முல்கி கிட்டதான். ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் மட்டும் அந்தப் பக்கம் போகாதீங்க, மழைக்காலக் கடல் பிள்ளைங்களுக்கு ஆகாது. கோவளம் பக்கம் அதே மாதிரி அக்டோபர் கடைசிலேர்ந்து டிசம்பர் வரைக்கும். மே மாசத்துல காலைல 6 மணிக்கே இறங்கிடுங்க, கடல்காத்து எழும்பறதுக்குள்ள முடிச்சிடலாம். வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை போவீங்கன்னா தாராளமா வாங்குங்க. அதுக்குள்ள அபார்ட்மெண்ட் பூல்ல 25 மீட்டர் நிக்காம நீந்தவும், மல்லாக்க மிதக்கவும் வந்துடட்டும், லீஷ் அறுந்தா அவளுக்கு அந்த நீச்சல்தான் துணை.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): பையனுக்கு 4 வயசு. அவனுக்கும் 5 அடி போர்டு வாங்கலாமா?

பதில்: வேண்டாங்க. 33 இஞ்ச் பாடிபோர்டு வாங்குங்க. படுத்துக்கிட்டு நுரைத்தண்ணில கரைக்கு சறுக்கி வரட்டும், அலை எப்ப தூக்குதுன்னு உடம்புக்குப் பழகட்டும். உங்க முட்டிக்கு மேல தண்ணி இருக்கற இடத்துக்குக் கூட்டிப் போகாதீங்க, கை எட்டற தூரத்துலயே நீங்க நில்லுங்க.

கேள்வி (கே.ஆர்.புரம்): சாஃப்ட் டாப் வாங்கி ஆறு மாசம் ஆகுது. அடியில உப்பிக்கிட்டு வருது. மட்டமான போர்டா?

பதில்: வெயில்ல வெச்சிருப்பீங்க. எங்களுக்கும் ஆச்சு, மே மாசம் சென்னையிலேர்ந்து திரும்பறப்ப ஆம்பூர்ல பிரியாணிக்கு நிறுத்தினோம், போர்டு பூட்டின கார்ல. முக்கால் மணி நேரம் கழிச்சு வந்து பார்த்தா அடியில ஆப்பம் சைஸுக்கு உப்பியிருக்கு, தட்டினா பொதபொதன்னு சத்தம். சூட்டுல உள்ள இருக்கற காத்து விரிஞ்சு பிளாஸ்டிக்கை ஃபோம்லேர்ந்து பிரிச்சிடுது, அப்புறம் ஒட்டாது. சின்னதா இருந்தா அப்படியே ஓட்டலாம். விளிம்பு பிரிஞ்சு தண்ணி உள்ள போகுதான்னு மட்டும் பாருங்க, ஃபின் ஓட்டையை கீழ பார்த்து ஒரு ராத்திரி நிறுத்தி வைங்க, காலைல தரை ஈரமா இருந்தா தண்ணி குடிச்சிருக்குன்னு அர்த்தம், போர்டு ஏற்கெனவே கனமாயிருக்கும், பிள்ளையால தூக்க முடியாது. அப்படி இல்லன்னா நல்ல தண்ணில அலசி, துடைச்சு, பால்கனியை விட்டு உள்ள கட்டிலுக்கு அடியில போட்டுடுங்க.