பென் டிரைவும் பழைய பிளேஸ்டேஷனும்: வாசகர் கேள்விகள்

பரணில் கிடந்த கேம் கன்சோலை இறக்கித் துடைத்து டிவியில் மாட்டியவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலும் பிளேஸ்டேஷன் 3. நடுவில் ஓர் எக்ஸ்பாக்ஸ் 360, ஒரு பிளேஸ்டேஷன் 2.

கேள்வி: புதிதாக வாங்கிய 64 ஜிபி பென் டிரைவை பிஎஸ்3-ல் செருகினால் ஒன்றுமே தெரியவில்லை. லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. கன்சோலின் யூஎஸ்பி போர்ட் போய்விட்டதா?

அநேகமாக இல்லை. கண்ட்ரோலரை அதே போர்ட்டில் ஒயரோடு இணைத்து விளையாட முடிந்தால் போர்ட் நன்றாகவே இருக்கிறது. சிக்கல் ஃபார்மேட்டில், அதாவது டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையில். பிஎஸ்3 படிப்பது ஃபேட்32 மட்டும்தான். 64 ஜிபி டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் விற்பனைக்கு வருகின்றன. 2006-ல் வந்த இந்த மெஷினுக்கு அது புரியாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டும் ஆகாது.

சரி, ஃபேட்32-க்கு மாற்றலாம் என்று போனால் விண்டோஸ் குறுக்கே நிற்கும். பெரும்பாலான விண்டோஸ் கணினிகளில் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ரைட் கிளிக் ஃபார்மேட் பட்டியலில் ஃபேட்32 வரவே வராது. இது விண்டோஸ் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு, ஃபேட்32-ன் குறை அல்ல. ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருளில் பெரிய டிரைவையும் ஃபேட்32 ஆக்கலாம். மேக் வைத்திருப்பவர்கள் டிஸ்க் யுட்டிலிட்டியில் எம்எஸ்-டாஸ் ஃபேட் என்பதோடு, ஸ்கீம் என்ற இடத்தில் மாஸ்டர் பூட் ரெக்கார்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே ஜிபிடி (டிரைவைப் பகுதிகளாகப் பிரிக்கும் இன்னொரு முறை) இருந்தால் ஃபார்மேட் சரியாக இருந்தும் கன்சோல் கண்டுகொள்ளாது. ஃபார்மேட் செய்தால் டிரைவில் இருப்பதெல்லாம் அழியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னைக் கேட்டால், மேசை டிராயரில் கிடக்கும் பழைய 8 ஜிபி, 16 ஜிபி டிரைவைத் தேடி எடுங்கள். இந்த வேலைக்கு அது தாராளம்.

கேள்வி: டிரைவ் தெரிகிறது, ஆனால் உள்ளே பாட்டு எதுவும் இல்லை என்கிறது. கணினியில் பார்த்தால் இருக்கிறது.

பிஎஸ்3 சில குறிப்பிட்ட பெயருள்ள ஃபோல்டர்களில் மட்டும்தான் தானாகத் தேடும்: பாட்டுக்கு மியூசிக், படத்துக்கு வீடியோ, போட்டோவுக்கு பிக்சர். இந்தப் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஃபோல்டர் போட நேரமில்லை என்றால், மியூசிக் பகுதியில் டிரைவின் மேல் நின்று முக்கோணப் பட்டனை அழுத்தி 'டிஸ்ப்ளே ஆல்' கொடுங்கள்; எல்லாம் வந்துவிடும். அப்புறம் பாட்டின் மேல் மறுபடி முக்கோணம், 'காப்பி'. கன்சோலின் ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விடும்.

கேள்வி: 6 ஜிபி படம் ஒன்று, டிரைவில் இடம் இருந்தும் ஏறவில்லை. இன்னொரு எம்கேவி படம் ஏறியது, ஆனால் பிஎஸ்3-ல் ஓடவில்லை.

ஃபேட்32-ல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. காலி இடம் எவ்வளவு இருந்தாலும் இதுதான் கதி. படத்தை இரண்டாக வெட்டலாம். அல்லது பென் டிரைவையே விட்டுவிட்டு, கணினியில் டிஎல்என்ஏ மீடியா சர்வர் (படம், பாட்டை மற்ற கருவிகளுக்கு அனுப்பும் மென்பொருள்) ஒன்றை ஓடவிட்டு வீட்டு நெட்வொர்க் வழியாகப் பார்க்கலாம். பிஎஸ்3-க்கு இந்த வசதி 2007-லேயே வந்துவிட்டது.

எம்கேவி பிஎஸ்3-க்குத் தெரியாது. ஆனால் எம்கேவி என்பது வெளிப்பெட்டி மட்டும்தான். உள்ளே இருக்கும் வீடியோ எச்.264, ஆடியோ ஏஏசி என்ற சுருக்கும் முறைகளில் இருந்தால், எம்பி4 பெட்டிக்கு அப்படியே மாற்றலாம். சில நிமிட வேலை, தரமும் குறையாது. உள்ளே எச்.265 இருந்தால் முழுதாக கன்வெர்ட் செய்தே ஆக வேண்டும். அந்த முறையே 2013-ல்தான் வந்தது.

கேள்வி: பிஎஸ்3-ல் ஹார்ட் டிஸ்க் மாற்றினேன். சிஸ்டம் அப்டேட் கோப்பைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாலும் 'கோப்பு இல்லை' என்கிறது.

டிரைவில் பிஎஸ்3 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் கோப்பு. இரண்டு பெயரும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். கோப்பின் பெயரில் அப்டேட் என்பதன் கடைசி ஆங்கில எழுத்தான 'இ' இருக்காது. பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். இரண்டாவது முறை டவுன்லோட் செய்தபோது கணினி பெயருக்குப் பின்னால் (1) என்று சேர்த்திருந்தால், அதை மட்டும் நீக்குங்கள்.

கேள்வி: தம்பியின் பிஎஸ்3 மஞ்சள் விளக்கு காட்டி அணைந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் மாட்டினால் கேம் சேவ், போட்டோ எல்லாம் எடுக்கலாமா?

முடியாது. அந்த டிஸ்க் சாதாரண 2.5 அங்குல சாட்டா டிஸ்க்தான். ஆனால் அதில் உள்ளதை அந்தந்தக் கன்சோல் தன்னுடைய சாவியால் பூட்டி வைத்திருக்கிறது. கணினிக்கு அது காலி டிஸ்க் போலத்தான் தெரியும். வேறொரு பிஎஸ்3-ல் மாட்டினால் ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். தயவுசெய்து 'எஸ்' கொடுத்துவிடாதீர்கள்.

இருக்கிற ஒரே வழி, அந்தக் கன்சோலையே கொஞ்ச நேரத்துக்காவது உயிர்ப்பிப்பது. மதர்போர்டைச் சூடாக்கி ஓட வைக்கும் வேலையைச் செய்யும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். 'இனி பிரச்சினையே வராது' என்று அவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது சில நாளோ சில வாரமோதான். ஆனால் சேவ் எடுக்க ஒரு மணி நேரம் போதுமே. ஓட ஆரம்பித்ததும் விளையாட உட்காராமல் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்: கேம் பகுதியில் சேவ்டு டேட்டா யுட்டிலிட்டி, ஒவ்வொரு சேவின் மேலும் முக்கோணம், காப்பி, யூஎஸ்பி.

சில சேவ்கள் காப்பி ஆகாது. கேம் தயாரித்தவர்களே பூட்டியவை அவை. செட்டிங்ஸில் இருக்கும் பேக்கப் யுட்டிலிட்டி அவற்றையும் சேர்த்து எடுக்கும். ஆனால் அவற்றைத் திரும்பப் போடுவது அதே கன்சோலில் மட்டும்தான், அதனால் சாகப்போகும் மெஷினுக்கு அது உதவாது. இன்னொரு பிஎஸ்3 கையில் இருந்தால், இரண்டையும் லேன் கேபிளால் இணைத்து டேட்டா டிரான்ஸ்ஃபர் யுட்டிலிட்டி ஓட்டுங்கள். பூட்டிய சேவும் போகும். போய்ச் சேரும் கன்சோலில் ஏற்கெனவே இருந்தது அழிந்துவிடும் என்பதால், முதலில் அதிலிருப்பதை எடுத்து வையுங்கள். டிராஃபி (கேமில் கிடைக்கும் விருதுகள்) சேர்த்திருந்தால் அவற்றையும் முன்கூட்டியே ஆன்லைன் கணக்கோடு ஸிங்க் செய்துவிடுங்கள்.

கேள்வி: எக்ஸ்பாக்ஸ் 360-க்கு என் பென் டிரைவைக் கொடுத்தால் 'கான்ஃபிகர்' செய்யச் சொல்கிறது. உள்ளே இருக்கும் கோப்புகள் போய்விடுமா?

'கான்ஃபிகர் நவ்' கொடுத்தால் போய்விடும். 'கஸ்டமைஸ்' கொடுத்தால் கேமுக்கு எவ்வளவு இடம் என்று நீங்களே சொல்லலாம். மற்றது அப்படியே இருக்கும். அதன் பிறகு கணினியில் பார்த்தால் சேவ் எதுவும் கண்ணில் படாது. மறைத்து வைத்த ஒரு ஃபோல்டருக்குள், பெயரை வைத்து எதுவென்று சொல்ல முடியாத கோப்புகளாக இருக்கும். அதில் கை வைக்காதீர்கள்.

2010-ல் இந்த வசதி வந்தபோது ஒரு டிரைவில் 16 ஜிபிதான் ஏற்றுக்கொண்டது. 2012-ல் 32 ஜிபி, 2015-ல் 2 டிபி. பெரிய டிரைவை மறுக்கிறது என்றால் அந்த மெஷின் வெகு காலமாக அப்டேட் ஆகவில்லை என்று பொருள். இன்னொன்று: பென் டிரைவில் உள்ள பாட்டை 360 வாசிக்கும், தன் ஹார்ட் டிஸ்க்குக்கு எடுத்துக்கொள்ளாது. சிடியிலிருந்து மட்டும்தான் ஏற்றிக்கொள்ளும்.

கேள்வி: பிஎஸ்2-லும் யூஎஸ்பி ஓட்டை இருக்கிறதே, அதில் சேவ் எடுக்கலாமா?

கன்சோலின் சொந்த மெனு மெமரி கார்டையும் டிஸ்க்கையும் மட்டுமே காட்டும். பென் டிரைவைக் கண்டுகொள்ளாது. ஃப்ரீ எம்சிபூட் (வெளியார் எழுதிய மென்பொருள்களை பிஎஸ்2-ல் ஓட வைப்பது) ஏற்றிய மெமரி கார்டு வாங்கி, அதிலிருக்கும் யூலாஞ்ச்எல்ஃப் என்ற கோப்பு மேலாண்மை மென்பொருள் வழியாக எடுக்கிறார்கள். கடைசியாக வந்த ஸ்லிம் மாடல்களில் இது ஓடாமல் போகலாம். மாடல் எண் 90-ல் தொடங்கினால் வாங்கும் முன் விசாரியுங்கள். போர்ட் யூஎஸ்பி 1.1, நொடிக்கு ஒரு எம்பி வந்தாலே பெரிது. மெமரி கார்டே மொத்தம் 8 எம்பி என்பதால் சேவுக்கு அந்த வேகம் போதும். படம் பார்க்கத்தான் ஆசைப்படக் கூடாது.