எண்பது விழுக்காடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆறு மாதம் பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போன வாரம்தான் கோவை திரும்பினேன். நான்கு மாதம் மகன் வீட்டில், டொராண்டோவை ஒட்டியிருக்கும் பிராம்ப்டனில். இரண்டு மாதம் மகள் வீட்டில், சிகாகோவை ஒட்டியிருக்கும் ஓக் பார்க்கில். பிராம்ப்டனில் நூற்றுக்கு எண்பது பேர் வெள்ளையர் அல்லாதவர்கள், இவ்வளவு இனங்கள் கலந்த ஊர் வேறு கிடையாது என்று மகன் சொல்கிறான். என் கண்ணில் பட்டதோ பெரும்பாலும் பஞ்சாபிக் குடும்பங்கள்தான். பூங்காவில் போய் உட்கார்ந்தால் சுற்றிலும் தலைப்பாகை கட்டிய தாத்தாக்கள். மகள் ஊரில் வெள்ளையர்கள் அதிகம். ஆனால் நூலகம், பள்ளிக்கூட வாசல், கடை என்று எங்கே போனாலும் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து நிற்கிறார்கள். தன் ஊர்தான் உண்மையில் கலந்த ஊர் என்று அவள் சொல்கிறாள். அண்ணனும் தங்கையும் போனில் பேசினால் இதே சண்டை. யார் சொல்வது சரி? அப்புறம், நம் ஆட்கள் அவ்வளவு தூரம் போயும் ஒரே இடத்தில் கூடிக்கொள்வது சரிதானா?

கே., கோயம்புத்தூர்

அன்புள்ள கே. அவர்களுக்கு,

உங்கள் மகன் சொன்ன எண் சரி. 2021 கணக்கெடுப்பின்படி பிராம்ப்டனின் ஆறரை லட்சம் பேரில் 80.6 விழுக்காட்டினர் வெள்ளையரோ பூர்வகுடியினரோ அல்லாதவர்கள். ஆனால் அந்த ஊரில் எத்தனை இனங்கள் கலந்திருக்கின்றன என்பதை இந்த எண் சொல்லாது. வெள்ளையர்கள் எவ்வளவு குறைவு என்பதை மட்டும்தான் சொல்லும். உங்கள் மகள் ஊருக்குத் தெற்கே ரோட்டைத் தாண்டினால் சிசரோ என்று ஓர் ஊர் வரும், பார்த்திருப்பீர்கள். அங்கே பத்தில் ஒன்பது பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். மகனின் கணக்கைப் பிடித்துக்கொண்டால் சிசரோ பிராம்ப்டனையும் மிஞ்சிவிடும். ஒரே சமூகத்தார் நிறைந்திருக்கும் ஊரைக் கலந்த ஊர் என்று யாரும் சொல்ல மாட்டோம்.

இதைவிட நல்ல அளவு ஒன்று உண்டு. ஊரில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரைத் தொட்டால், அவர்கள் வெவ்வேறு இனத்தவராக இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு? அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை இந்த வழியில்தான் 2020இல் நாடு முழுவதற்கும் 61.1 விழுக்காடு என்று கணக்கிட்டது. இப்படிப் பார்த்தாலும் உங்கள் மகன் ஊர்தான் முன்னால் நிற்கும். பிராம்ப்டனில் தெற்காசியர் பாதிக்குச் சற்று மேல், கறுப்பினத்தவர் ஏறத்தாழ 13 விழுக்காடு, அப்புறம் வெள்ளையர், பிலிப்பினோக்கள், இன்னும் பலர். ஓக் பார்க்கில் வெள்ளையர் மட்டுமே நூற்றுக்கு அறுபது பேர்.

ஆனால் இந்தக் கணக்கு, மக்களை எந்தப் பெட்டியில் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. கனடாவில் பஞ்சாபி, யாழ்ப்பாணத் தமிழர், வங்கதேசத்து முஸ்லிம் எல்லோரும் ‘தெற்காசியர்’ என்ற ஒரே பெட்டியில் இருக்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போனால் அதே ஆட்கள் சீனரோடும் கொரியரோடும் சேர்ந்து ‘ஆசியர்’ ஆகிவிடுவார்கள். பிரான்சில் பெட்டியே கிடையாது. இனத்தைக் கேட்டுப் பதிவு செய்வதை 1978 முதல் அங்கே சட்டம் கட்டுப்படுத்துகிறது. 2007இல் அரசியல் சாசன மன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஒரு ஊரில் மரக்காலிலும் இன்னொரு ஊரில் லிட்டரிலும் அளந்துவிட்டு எது அதிகம் என்று சண்டை போடுவது போலத்தான் உங்கள் வீட்டுச் சண்டையும்.

ஆகவே எண்ணை விட்டுவிடலாம். ஊர் எப்படி அந்த எண்ணுக்கு வந்தது என்பதைத்தான் நான் பார்ப்பேன். உங்கள் மகளிடம் ஒரு நாள் ஆஸ்டின் பொலிவார்டுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். அதுதான் ஓக் பார்க்கின் கிழக்கு எல்லை. தெருவைக் கடந்தால் சிகாகோ மாநகரின் ஆஸ்டின் பகுதி. 1960இல் ஆஸ்டினில் கறுப்பினத்தவர் கிட்டத்தட்ட யாருமே இல்லை. 1970இல் மூன்றில் ஒரு பங்கு. 1980இல் நான்கில் மூன்று பங்கு. 1970 கணக்கெடுப்பை மட்டும் கையில் வைத்திருக்கும் ஒருவர் ஆஸ்டினைக் கலந்து வாழும் பகுதிக்கு எடுத்துக்காட்டாகக் காட்டியிருப்பார். உண்மையில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கூட்டம் அவசர அவசரமாக மூட்டை கட்டிக்கொண்டிருந்ததை.

அந்த அவசரத்தை உண்டாக்கியவர்கள் இருந்தார்கள். தரகர்கள் வெள்ளைக்காரர் வீடுகளின் கதவைத் தட்டி, ‘அவர்கள் வருகிறார்கள், விலை விழப்போகிறது, இப்போதே விற்றுவிடுங்கள்’ என்று பயமுறுத்துவார்கள். பயந்தவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கிய வீட்டைக் கறுப்புக் குடும்பத்துக்குக் கொள்ளை விலைக்கு விற்பார்கள். 1930களில் இருந்தே கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என்று வரைபடத்தில் சிவப்பில் குறித்துக் கடன் மறுத்து வந்ததால், வங்கிக் கதவு அந்தக் குடும்பங்களுக்குச் சாத்தியே இருந்தது. தரகர் வைத்ததுதான் விலை, போட்டதுதான் ஒப்பந்தம். இரண்டு பக்கமும் சாதாரணக் குடும்பங்கள்தான் ஏமாந்தன. ஒரு தலைமுறையின் சேமிப்பை உறிஞ்சிய இந்த அநியாயத்தைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

தெருவுக்கு இந்தப் பக்கம் ஓக் பார்க் ஏன் அப்படி ஆகவில்லை? அந்த ஊரார் பிறவியிலேயே நல்லவர்கள் என்பதால் அல்ல. பெர்சி ஜூலியன் என்ற கறுப்பின வேதியியலாளர், சோயாவிலிருந்து ஹார்மோன் மருந்துகள் தயாரிக்க வழி கண்டவர், 1950இல் அங்கே வீடு வாங்கினார். குடிபோகும் முன்பே அந்த வீட்டுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு டைனமைட் வீசினார்கள். அதே 1951 கோடையில் பக்கத்துச் சிசரோவில் ஹார்வி கிளார்க் என்ற பேருந்து ஓட்டுநரின் குடும்பம் வாடகைக்கு வந்தபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டு, சாமான்களை ஜன்னல் வழியே வீசிக் கொளுத்தினார்கள். தேசியக் காவல்படை வந்துதான் அடங்கியது. இரண்டு ஊரும் அந்த நாளில் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை.

மாறியது 1968இல். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்க்கக் கூடாது என்று ஓக் பார்க் தனக்கென்று ஒரு சட்டம் போட்டது. சட்டம் போட்டதோடு விட்டுவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1972இல் ராபர்ட்டா ரேமண்ட் என்ற பெண்மணி ஒரு வீட்டுவசதி மையம் தொடங்கினார். வீடு தேடி வரும் வெள்ளையரைக் கிழக்குப் பக்கமும், கறுப்பினத்தவரை ஊரின் மற்றப் பகுதிகளுக்கும் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். வீட்டு வாசல்களில் ‘விற்பனைக்கு’ பலகை வைக்கத் தடை வந்தது. ஒரு தெருவில் நான்கு பலகை முளைத்தால் ஐந்தாவது வீட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விடும் அல்லவா? 1977இல் உச்ச நீதிமன்றம் வேறொரு ஊரின் வழக்கில் இப்படிப்பட்ட தடை செல்லாது என்று சொன்ன பிறகும், ஓக் பார்க் தரகர்கள் பலகை வைக்காமலே தொழில் செய்தார்கள். 1978இல் ஊராட்சி இன்னொன்றும் செய்தது: பதிவு செய்துகொண்டவர்களுக்கு, சில ஆண்டுகள் கழித்து வீட்டின் விலை விழுந்திருந்தால் நஷ்டத்தில் பெரும்பகுதியைத் தானே ஈடுகட்டுவதாக உறுதி தந்தது. பயம் எங்கே பிறக்கிறதோ அங்கேயே கை வைத்தார்கள்.

குறைகளும் உண்டு. வீடு தேடி வருபவரை இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று திருப்பிவிட ஊருக்கு என்ன உரிமை என்று கறுப்பினத்தவரே கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. பள்ளியிலும் ஒரே கட்டடத்தில் படித்தும் மதிப்பெண்களில் இனத்துக்கு இனம் பெரிய இடைவெளி. உங்கள் மகள் பெருமைப்படலாம், தவறில்லை. அவள் காணும் அந்த நூலகத்துக்குப் பின்னால் ஐம்பது ஆண்டு வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

சரி, பிராம்ப்டனுக்கு வருகிறேன். கூடி வாழ்வது சரிதானா என்று கேட்டீர்கள். நான் 1990களின் கடைசியில் டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில் இறங்கியபோது வீடு தேடி அலைந்தேன். போனில் ‘காலியாக இருக்கிறது, வாருங்கள்’ என்பார்கள். நேரில் போய் முகத்தைக் காட்டினால் ‘இப்போதுதான் ஒருவர் எடுத்துவிட்டார்.’ மூன்று முறை இப்படி நடந்தது. நான்காவது இடத்தில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, பெயரைக் கூட முழுதாகக் கேட்காமல், தன் பேஸ்மெண்ட் சாவியைக் கையில் கொடுத்தார். முன்பணம் அடுத்த மாதம் தந்தால் போதும் என்றார். 1983 இனப்படுகொலைக்குப் பிறகு எல்லாவற்றையும் இழந்து வந்த ஈழத்தமிழர்கள் ஸ்கார்பரோவில் கூடியதும் இப்படி ஒருவருக்கொருவர் சாவி கொடுத்துத்தான். பிராம்ப்டனில் உங்கள் மகனின் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிகளும் விமான நிலையத்தில், கிடங்கில், லாரியில் வேலை செய்து, சேர்த்த பணத்தில் வீடு வாங்கி, அடுத்து வந்த உறவினரைக் கீழே குடி வைத்தவர்கள். யாரும் அவர்களை அங்கே கொண்டுபோய்த் தள்ளவில்லை. அவர்கள் அங்கே கூடியிருப்பதில் எனக்கு எந்தத் தவறும் தெரியவில்லை.

இதைச் சிலர் குற்றமாகப் பார்த்ததும் உண்டு. 1995இல் டொராண்டோவுக்கு வடக்கே இருக்கும் மார்க்கம் என்ற ஊரின் துணை மேயர், சீனர்கள் ஒரே இடத்தில் குவிவதால் பழைய குடிகள் வெளியேறுகிறார்கள் என்று பேசினார். சுற்றுவட்டார மேயர்களே சேர்ந்து அவரைக் கண்டித்தார்கள். இன்று மார்க்கத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சீனர்கள்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். ஆட்கள் வந்து சேர்ந்தார்களே, ஊருக்குச் சேர வேண்டியது வந்து சேர்ந்ததா? 2020 ஜனவரியில், கொரோனாவுக்கு முன்பே, பிராம்ப்டன் நகரசபை மருத்துவ நெருக்கடி நிலை அறிவித்தது. ஆறு லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊரில் முழு மருத்துவமனை ஒன்றுதான். பாரிசுக்குக் கிழக்கே கிளிஷி-சூ-புவா என்ற புறநகரில் இது இன்னும் கொடுமை. வட ஆப்பிரிக்க, மேற்கு ஆப்பிரிக்கக் குடும்பங்கள் நிறைந்த அந்த ஊரில், 2005 அக்டோபரில், போலீசுக்குப் பயந்து மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் இறந்து, நாடு முழுவதும் மூன்று வாரம் கலவரம் நடந்தது. பாரிஸ் பக்கத்திலேயே இருந்தும் அப்போது ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. டிராம் வந்து சேரவே 2019 டிசம்பர் ஆனது. அங்கே எத்தனை இனம் என்பதற்கு அரசிடம் எண் இல்லை. பேருந்துக்காக எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பது அங்கே வாழ்ந்த எல்லோருக்கும் தெரியும்.

உங்கள் மகனிடம் பிராம்ப்டன் அவசரசிகிச்சைப் பிரிவில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். மகளிடம் வீட்டு வரியும் வாடகையும் எவ்வளவு என்று கேளுங்கள். ஓக் பார்க்கில் 2000இல் 22 விழுக்காட்டுக்கு மேல் இருந்த கறுப்பினத்தவர் 2020இல் இருபதுக்குக் கீழே போய்விட்டார்கள். இப்போது யாரும் டைனமைட் வீசுவதில்லை, விலைதான் ஏறுகிறது. ஆஸ்டின் பொலிவார்டைக் கடந்து வந்து வீடு பார்த்துவிட்டு, வாடகையைக் கேட்டுத் திரும்பிப் போகிறவர்களை உங்கள் மகள் பார்த்திருக்கிறாளா? அவள் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்