இரவு பேட்ச் வேலைக்கு (மொத்தமாகச் சேர்த்து ஓட்டும் வேலைக்கு) மட்டும் எல்பாருக்கு (ஒரே சர்வரைப் பிரித்து, தனி சர்வர் போல ஓடவிடும் பகுதிக்கு) தானாகவே சிபியு கூட்டி, காலையில் திரும்ப எடுக்க முடியுமா?

முடியும். நான் சில வருடங்கள் இதைத் தினமும் ஓடவிட்டிருக்கிறேன். நீங்கள் சொல்வது ஐபிஎம் பவர் சர்வர்: ஒரே பெட்டியில் இரண்டு எல்பார், ஒன்றுக்குப் பகலில் வேலை அதிகம், இன்னொன்றுக்கு இரவில். இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் சிபியுவை அந்தப் பக்கம் தள்ளி, காலை ஆறு மணிக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கொடுப்பது சுலபம், திரும்ப வாங்குவதில்தான் சிக்கல்.

அதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். இரண்டு எல்பாரும் பகிர்வுப் பூலில் (எல்லோருக்கும் பொதுவான சிபியு தொகுப்பில்), அன்கேப்டு முறையில் (ஒதுக்கிய அளவைத் தாண்டியும் பயன்படுத்தலாம் என்று) இருந்தால் உங்களுக்கு ஷெட்யூலே தேவைப்படாமல் போகலாம். எல்பார்களுக்குச் சிபியுவைப் பங்கிடும் அடிப்படை மென்பொருளான ஹைப்பர்வைசர் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, ஒருவர் பயன்படுத்தாததை இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். இருவரும் ஒரே நேரத்தில் கேட்டால் யாருக்கு முன்னுரிமை என்பதை 0 முதல் 255 வரையிலான வெயிட் சொல்லும். எதுவும் மாற்றாவிட்டால் அது 128. பாதிப் பேருக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். குறித்த நேரத்துக்கு ஓடும் எந்த க்ரான் வேலையும் 10 மில்லிசெகண்டோடு போட்டி போட முடியாது.

எங்களுக்கு அது சரிப்படவில்லை. மென்பொருள் உரிமம் கோர் (ப்ராசஸர்) கணக்கில் இருந்ததால் எல்பார்கள் கேப்டு, ஒதுக்கிய அளவைத் தாண்ட முடியாது. பகல் எல்பாருக்கு 4.0 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு ப்ராசஸரின் முழுத் திறன்), இரவு எல்பாருக்கு 2.0. இரவு பத்துக்கு 1.5 யூனிட்டை எடுத்து அந்தப் பக்கம் கொடுப்போம். உரிமம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பல ஒப்பந்தங்களில் அந்தக் காலத்தில் தொட்ட உச்ச அளவுக்குத்தான் பணம். இரவில் எட்டு மணி நேரம் மட்டும் கூட்டினாலும் உச்சம் உச்சம்தான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எல்பாரின் கண்ணுக்குத் தெரியும் ப்ராசஸர்தான் விர்ச்சுவல் ப்ராசஸர். ஒரு யூனிட்டுக்கு மேல் ஒரு விர்ச்சுவல் ப்ராசஸரால் பயன்படுத்த முடியாது. 3.5 யூனிட் கொடுக்க வேண்டுமென்றால் குறைந்தது 4 விர்ச்சுவல் ப்ராசஸர் வேண்டும். அதனால் எங்கள் ஸ்கிரிப்ட் இரவில் விர்ச்சுவல் ப்ராசஸரை 2-லிருந்து 4 ஆக்கிவிட்டு யூனிட்டைக் கூட்டும், காலையில் இரண்டையும் ஒரே கட்டளையில் திரும்ப எடுக்கும். பல மாதம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் காலை ஒன்பதரைக்குப் பகல் எல்பாரில் எல்லாம் நத்தை வேகம். சிபியு நிலவரம் காட்டும் எல்பார்ஸ்டாட் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் என்டைட்டில்மென்ட் (ஒதுக்கிய யூனிட் அளவு) இன்னும் 2.5-இலேயே நிற்கிறது, பயன்பாடு நூறு சதவீதத்தைத் தொட்டபடி. இரவு எல்பாரில் 3.5 சும்மா கிடக்கிறது. லாகைத் திறந்தால் ஆறு மணி ஒரு நிமிடத்துக்கே, விர்ச்சுவல் ப்ராசஸரை நீக்க முடியாமல் அந்தக் கட்டளை தோற்று, ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றிருந்தது.

யாரோ ஒரு ரிப்போர்ட் ப்ரோக்ராமை வேகப்படுத்துவதற்காக அதை இரவு எல்பாரின் கடைசி லாஜிக்கல் சிபியுவோடு (இயங்குதளம் எண்ணிக் காட்டும் சிபியுவோடு) பைண்ட் செய்திருந்தார்கள், அதாவது அதில் மட்டுமே ஓடும்படி கட்டியிருந்தார்கள். எல்பாரில் ஓடும் இயங்குதளமான ஏஐஎக்ஸ் எப்போதும் எண்ணில் பெரிய சிபியுவிலிருந்துதான் கழற்றும். அதில் ஒரு ப்ராசஸ் கட்டிப்போடப்பட்டிருந்தால் கழற்ற மறுத்துவிடும்.

அன்றிலிருந்து விர்ச்சுவல் ப்ராசஸரைத் தொடுவதையே விட்டுவிட்டோம். இரவுக்குத் தேவையான 4-ஐ நிரந்தரமாக வைத்துக்கொண்டு யூனிட்டை மட்டும் நகர்த்தினோம். 2.0 யூனிட்டுக்கு 4 விர்ச்சுவல் ப்ராசஸர் தாராளமாகச் செல்லும். ஒவ்வொன்றுக்கும் 0.1 இருந்தால் போதும், பவர்7 ப்ளஸ் முதல் 0.05. தேவைப்படாதவற்றை ஏஐஎக்ஸ் தானே மடித்து வைத்துக்கொள்ளும். லாஜிக்கல் சிபியு எதுவும் போவதில்லை, வருவதில்லை. பைண்டிங் பிரச்சினை அடியோடு போய்விட்டது. உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதுதான். டெடிகேட்டட் ப்ராசஸர் (முழு ப்ராசஸரையே ஒரு எல்பாருக்கு ஒதுக்குவது) என்றால் மட்டும் இந்த வழி கிடையாது.

ஷெட்யூலை எங்கே வைப்பது? பவர் சர்வர்களை நிர்வகிக்கும் கன்சோலான ஹெச்எம்சியிலேயே ஷெட்யூல் ஆப்பரேஷன்ஸ் உண்டு, கிழமை வாரியாக டைனமிக் மாற்றத்தை (எல்பாரை நிறுத்தாமல் செய்யும் மாற்றத்தை) போட்டு வைக்கலாம். ஆனால் அது நிலைமையைப் பார்க்காது, சொன்ன அளவைக் கூட்டும் அல்லது கழிக்கும், அவ்வளவுதான். நடுராத்திரியில் யாராவது அந்த எல்பாரை நிறுத்தி ப்ரொஃபைலிலிருந்து (சேமித்து வைத்த அமைப்பிலிருந்து) மறுபடி ஏற்றினால் அளவு ப்ரொஃபைலில் உள்ளபடி 2.0-க்குத் திரும்பிவிடும். காலையில் அதிலிருந்து இன்னொரு 1.5 கழிக்கப் போகும். அதனால் நான் வெளியே ஒரு லினக்ஸ் சர்வரில் க்ரான் வைத்து, எஸ்எஸ்ஹெச் கீ (கடவுச்சொல் கேட்காத பாதுகாப்பான இணைப்பு) மூலம் ஹெச்எம்சிக்குள் கட்டளை அனுப்புவேன். ஸ்கிரிப்ட் முதலில் இப்போதைய அளவைக் கேட்கும், இலக்கோடு உள்ள வித்தியாசத்தை மட்டும் கூட்டும் அல்லது கழிக்கும். தவறி இரண்டு முறை ஓடினாலும் கெடுதல் இல்லை. எடுக்கும் வேலையை முதலில் முடித்து, மறுபடி அளவைக் கேட்டு உறுதி செய்த பிறகுதான் மற்ற எல்பாருக்குக் கொடுக்க வேண்டும். தோற்றால் உடனே ஆளை எழுப்ப வேண்டும். எங்களுடையது லாகில் எழுதிவிட்டுச் சும்மா இருந்ததுதான் மூன்றரை மணி நேரத்தைத் தின்றது.

ஹெச்எம்சிக்கும் எல்பாருக்கும் இடையிலான ஆர்எம்சி இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்றும் ஸ்கிரிப்ட் பார்க்கட்டும். போர்ட் 657-ஐ ஃபயர்வால் மூடியிருந்தாலோ, எல்பாரை க்ளோன் செய்ததில் இரண்டுக்கும் ஒரே நோட் ஐடி (அடையாள எண்) வந்திருந்தாலோ டைனமிக் மாற்றம் நடக்காது. அப்புறம் கடிகாரம். ஹெச்எம்சி, க்ரான் சர்வர், எல்பார் மூன்றும் ஒரே நேர மண்டலத்தில், நேரத்தைச் சரிபார்க்கும் என்டிபியோடு இருக்கட்டும்.

மற்ற மெய்நிகர் சர்வர் தளங்களில் இதை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். கேவிஎம்மில் ஓடும்போதே விசிபியுவை (விர்ச்சுவல் சிபியுவை) கூட்டலாம், குறைக்க கெஸ்ட் (உள்ளே ஓடும் இயங்குதளம்) ஒத்துழைக்க வேண்டும். ஹைப்பர்-வியில் ஓடும் மெஷினின் ப்ராசஸர் எண்ணிக்கையை மாற்ற முடியாது, வெயிட், ரிசர்வ், லிமிட் ஆகியவற்றைத்தான் மாற்றலாம். விஎம்வேரிலும் விசிபியுவை விட்டுவிட்டு ஷேர், ரிசர்வேஷன், லிமிட் ஆகியவற்றுக்கு அதன் நிர்வாக மென்பொருளான விசென்டரில் ஷெட்யூல் போடுவதையே நான் விரும்புவேன்.

முதல் இரண்டு வாரம் இரவு மாற்றத்தை மட்டும் க்ரானிடம் விடுங்கள். காலை மாற்றத்தை நீங்களே ஆறு மணிக்கு உட்கார்ந்து கையால் ஓட்டுங்கள். எங்கே மறுக்கிறது என்று உங்கள் கண்முன்னால் தெரிந்துவிடும்.