மருத்துவர் பதில்கள்: மலக்குடலைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. ஆசனவாய்க்கு 4 செ.மீ. மேலே, மலக்குடலில் 2.5 செ.மீ. புற்றுநோய்க் கட்டி. எம்.ஆர்.ஐ.யில் டி2 (குடல் சுவரின் தசை வரை போன நிலை), நெறிக்கட்டு இல்லை. மலக்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் நிரந்தரமாகப் பை வைக்க வேண்டும் என்கிறார்கள். ஆபரேஷன் இல்லாமல் வழி இருக்கிறதா?
- வாசகி, சேன் ஆந்த்ரே, ரீயூனியன் (பிரெஞ்சுத் தீவு)

பதில்: இருக்கிறது. இந்த அளவுக் கட்டிக்கு நன்றாகவே பலன் தருகிறது. ஆனால் எந்தச் சிகிச்சையும் தொடங்குமுன் கேளுங்கள். வரிசை மாறினால் பலன் குறைகிறது.

லியோன் மருத்துவர் ழான் பாப்பியோன் வளர்த்தெடுத்த தொடு கதிர் முறை இது. ஆசனவாய் வழியே குழாயை விட்டு, கட்டியின் மேல் பதியவைத்து 50 கிலோவோல்ட் எக்ஸ்ரே பாய்ச்சுவார்கள். தடவைக்கு 30 கிரே (கதிரின் அளவு), இரண்டு வார இடைவெளியில் மூன்று தடவை. முன்னதாக எனிமா, மரத்துப்போக ஜெல். முழு மயக்கம் தேவையில்லை. கதிர் சில மில்லிமீட்டர்தான் இறங்கும், ஆகவே சுற்றியுள்ள நெறிக்கட்டுகளை எட்டாது. அவற்றுக்காக வெளியிலிருந்து 5 வாரத்தில் 25 தவணையாக 45 கிரே, கூடவே கேப்சிடபின் என்ற புற்றுநோய் மாத்திரை. மாத்திரைக்கு முன் ரத்தத்தில் யூராசில் அளவு பார்ப்பது பிரான்ஸில் கட்டாயம். மருந்தைச் சிதைக்கும் என்சைம் குறைந்தவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

3 செ.மீ.க்குக் குறைந்த கட்டிக்குத் தொடு கதிர் முதலில், வெளிக்கதிர் பிறகு. 2023இல் வெளியான ஓபெரா ஆய்வில், இந்த வரிசையில் பெற்றவர்களில் 97 சதவீதத்தினருக்கு 3 ஆண்டு கழித்தும் மலக்குடல் தப்பியிருந்தது. வெளிக்கதிர் மட்டும் பெற்றவர்களில் 63 சதவீதம்.

தொடு கதிர் இயந்திரம் பிரான்ஸில் நீஸ், லியோன் போன்ற சில ஊர்களில்தான். வெளிக்கதிரைத் தீவிலேயே பெறலாம். பல துறை மருத்துவர்கள் கூடும் கூட்டத்தில் இதைப் பேசச் சொல்லுங்கள். விமானச் செலவு கேட்பதானால், டிக்கெட் எடுக்குமுன் பயணம் தேவை என்று மருத்துவர் எழுதித் தரும் சீட்டும் செக்யூவின் (பிரெஞ்சு சமூகக் காப்பீடு) முன் அனுமதியும் வேண்டும். மூன்று முறை பறப்பதைவிட ஒரு மாதம் அங்கே தங்குவது அம்மாவின் உடம்புக்கு நல்லது. பின்னாளில் மலத்தோடு ரத்தம் வருவது சகஜம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கதிர் சிகிச்சையில் மலக்குடல் கட்டி மறைந்துவிட்டது என்கிறார்கள். பிறகும் ஏன் மூன்று மாதத்துக்கொரு முறை வரச் சொல்கிறார்கள்?
- வாசகர், சேன் போல்

பதில்: தவறாமல் போங்கள். 2018இல் வெளியான பன்னாட்டுப் பதிவேட்டில், கட்டி மறைந்த பின் ஆபரேஷன் செய்யாமல் காத்திருந்து கவனித்தவர்களில் நால்வரில் ஒருவருக்கு 2 ஆண்டுக்குள் கட்டி திரும்பியது. திரும்பியவற்றில் 97 சதவீதம் குடல் சுவரிலேயே இருந்தது. விரல் பரிசோதனை, ஸ்கோப், எம்.ஆர்.ஐ. மூன்றும் சேர்ந்தால் சீக்கிரம் கண்ணில் படும். பெரும்பாலோருக்கு அப்போதும் ஆபரேஷன் கைகொடுக்கும். 2 ஆண்டு வரை மூன்று மாதத்துக்கொரு முறை, பிறகு 5 ஆண்டு வரை ஆறு மாதத்துக்கொரு முறை. தழும்பு வெளுத்து வழவழப்பாக இருந்தால் அதிலிருந்து சதை எடுத்துச் சோதிக்கத் தேவையில்லை; கதிர் பட்ட இடம் லேசில் ஆறாது.