குழந்தைகளுக்கான சிகிச்சைப் படிப்புகள்: மூன்றில் எது உங்கள் மகளுக்கு?

மருத்துவ இடம் கிடைக்காதவர்கள்தாம் இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி), ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி ஆகிய படிப்புகளுக்குப் போகிறார்கள் என்று உறவினர்கள் சொன்னதைக் கேட்டு நீங்கள் கலங்கியிருக்கிறீர்கள். குழந்தைகளுடன் பணிபுரிய வேண்டும் என்பதற்காகவே உங்கள் மகள் இத்துறையை விரும்புகிறார் என்றால், அதை இரண்டாம்பட்சமாகக் கருத வேண்டியதில்லை. இந்த மூன்று படிப்புகளில் எது அவருக்குப் பொருந்தும் என்பதே இப்போது யோசிக்க வேண்டியது.

பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு சீராக அமையாத நிலை) உள்ள ஒரு நான்கு வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். இறுகிய தசைகளைத் தளர்த்துவது, இடுப்பு மூட்டு விலகாமல் பார்த்துக்கொள்வது, தாங்கி நிற்கவும் நடக்கவும் பழக்குவது ஆகியவை இயன்முறை மருத்துவரின் பணி. அதே குழந்தை சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுவருவதற்குள் மணிக்கட்டு திரும்பிக் கரண்டி கவிழ்ந்துவிடுகிறது என்றால், கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கி, தட்டை வழுக்காத விரிப்பின்மேல் வைத்து, முழங்கையை மேசையில் ஊன்றப் பழக்குபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். சட்டைப் பொத்தான் போடுவதும் பென்சில் பிடிப்பதும் அவருடைய பொறுப்புதான். அந்தச் சோறு புரையேறாமல் இறங்குகிறதா என்று கவனிப்பவர் பேச்சுப் பயிற்சியாளர். பேச்சு வராத குழந்தைக்குப் படப் பலகையைக் கொண்டு வேண்டியதைக் கேட்கக் கற்றுத்தருபவரும் அவரே. இவற்றுள் எந்தப் பணியைப் பற்றிப் பேசும்போது உங்கள் மகளின் கேள்விகள் நீள்கின்றன என்று கவனியுங்கள். மதிப்பெண் பட்டியலைவிட அது நல்ல வழிகாட்டி.

இயன்முறை மருத்துவத்துக்கான பி.பி.டி., ஆக்குபேஷனல் தெரபிக்கான பி.ஓ.டி. இரண்டுக்கும் பிளஸ் டூவில் உயிரியல் வேண்டும். இவை பயிற்சிக்காலத்துடன் நான்கரை ஆண்டுப் படிப்புகளாக இருந்துவந்தன. மருத்துவத் துணைத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய ஆணையம் பாடத்திட்டத்தையும் சேர்க்கை விதிகளையும் மாற்றியமைத்துவருவதால், சேரும் ஆண்டின் தகவல் கையேட்டையே ஆதாரமாகக் கொள்ளுங்கள். பேச்சு, செவித்திறன் துறைக்கான பி.ஏ.எஸ்.எல்.பி. நான்கு ஆண்டுகள், இறுதி ஆண்டு முழுவதும் களப்பயிற்சி. இயற்பியல், வேதியியலுடன் கணிதமோ கணினி அறிவியலோ படித்தவர்களும் இதில் சேரலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. மூன்று படிப்புகளும் வேலூர் சி.எம்.சி.யில் உள்ளன, பேச்சுத் துறையில் மைசூரில் உள்ள அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் நாட்டின் முன்னோடி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சில மாதச் சான்றிதழ் படிப்பை முடித்தால் தெரபிஸ்ட் ஆகிவிடலாம் என்ற விளம்பரங்களை நம்பி அவரைச் சேர்த்துவிடாதீர்கள். பேச்சுப் பயிற்சி அளிப்பவர் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். முறையாகப் பயிலாதவர் கையில் ஒரு குழந்தை இழக்கும் ஓராண்டு, மூளை மிக வேகமாக வளரும் பருவத்தில் இழக்கப்படும் ஓராண்டு. அதை எந்தக் கட்டணமும் ஈடுசெய்யாது.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, தனியார் மையங்களில் தொடக்க ஊதியம் குறைவாகவே இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. அனுபவமும் முதுநிலைப் பட்டமும் சேரும்போது நிலைமை மாறுகிறது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களிலும் (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை இளம் வயதிலேயே கண்டறிந்து சிகிச்சை அளிக்கும் மையங்கள்), மருத்துவமனைகளிலும், சிறப்புப் பள்ளிகளிலும் இவர்களுக்கு இடம் உண்டு. அமெரிக்கா போன்ற நாடுகளுக்குச் செல்ல எண்ணினால், பேச்சுப் பயிற்சிக்கு முதுநிலைப் பட்டமும் தனி உரிமமும் தேவைப்படும் என்பதை இப்போதே கணக்கில் கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்கும் முன், சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகைத் திறன் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்திலோ, தென்காசி ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்திலோ, உங்கள் மாவட்ட மையத்திலோ முன் அனுமதி பெற்று, மகளை ஒரு நாள் முழுவதும் இருந்து பார்க்கச் செய்யுங்கள். ஒரு குழந்தை தலையை நிலையாகத் தூக்க மாதங்கள் ஆகலாம் என்பதையும், வீட்டில் தாயும் தந்தையும் தொடர்ந்து செய்யாவிட்டால் மையத்தில் செய்தது நிலைக்காது என்பதையும் அங்கே அவர் நேரில் காண்பார். அதற்குப் பிறகும் விருப்பம் குறையவில்லை என்றால், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல், குழந்தைகள் பிரிவு அந்த வளாகத்திலேயே இருக்கிறதா, களப்பயிற்சியில் எத்தனை வாரங்கள் அங்கே ஒதுக்கப்படுகின்றன என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.