முழங்கால் வீக்கம்: ஸ்கேன் எடுக்கும் நாள்வரை என்ன செய்யலாம்?

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் உங்கள் தாயாருக்கு வலது முழங்கால் வீங்கியிருப்பதாகவும், பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுக்க இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியுள்ளதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

காய்ச்சலோடு மூட்டு சிவந்து சூடேறினாலோ, காலை ஊன்றவே முடியாமற்போனாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ காத்திருக்கக் கூடாது. மூட்டுக்குள் கிருமித்தொற்று ஏற்பட்டால் குருத்தெலும்பு சில நாட்களிலேயே சிதையத் தொடங்கும் என்பதால், அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி ஒரு தடவைக்கு 15 நிமிடம் வீதம் நாளுக்கு மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுக்கலாம். படுக்கும்போது தலையணையை முழங்காலுக்கு நேர் அடியில் மட்டும் வைத்து மடக்கியே வைத்திருந்தால் மூட்டு அப்படியே இறுகிவிடக்கூடும். கெண்டைக்காலும் குதிகாலும் சேர்ந்து உயரும்படி வைப்பதே நல்லது. மூட்டில் நீர் கோத்தவுடன் தொடைத்தசை வலுவிழந்துவிடுகிறது. ஆகவே முழு ஓய்வை நான் பரிந்துரைக்கமாட்டேன். காலை நீட்டி, தொடையை இறுக்கி ஐந்து விநாடி பிடித்து விடுவதைப் பத்து முறை, வலி பொறுக்கும் அளவில் செய்யட்டும்.

வலது கால் வலிப்பதால் கைத்தடி இடது கையில்தான் இருக்க வேண்டும். பலரும் இதை மாற்றிப் பிடிக்கிறார்கள். தாமிரபரணிப் படித்துறையில் இறங்குவதையும், தரையில் சம்மணமிடுவதையும், குந்தி உட்காருவதையும் இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள்.

காரணம் தெரியும்முன் எண்ணெய் தேய்த்து நீவவோ உருவவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் இருந்தால் மருந்துக் கடையில் தாமாக வலி மாத்திரை வாங்குவது ஆபத்து. பாரசிட்டமாலைக்கூட மருத்துவர் சொல்லும் அளவிலேயே கொடுங்கள்.