ஒரே சரக்குக்கு எத்தனை பெட்டி?

கேள்வி: பி.பார்ம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பார்மகோக்னசியில் (இயற்கை மருந்துச் சரக்குகளைப் பற்றிய பாடம்) குரூட் டிரக்குகளை, அதாவது பக்குவப்படுத்தாத மூலச் சரக்குகளை, அகரவரிசை, உருவம், தாவரக் குடும்பம், வேதிப்பொருள், மருத்துவப் பயன் என்று விதவிதமாகப் பிரிக்கிறார்கள். ஒரு முறை போதாதா சார்? (மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: போதாது. உங்கள் ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்வோமே, வெளிநாட்டு வியாபாரிகள் டின்னவெலி சென்னா என்று வாங்கும் நிலாவாரை. பக்கத்தில் நாட்டு மருந்துக் கடையிலிருந்து ஒரு துண்டு கரியபோளத்தை வையுங்கள், அதாவது கற்றாழை மடலை வெட்டினால் வடியும் மஞ்சள் சாற்றைக் காய்ச்சி இறுக வைத்த கட்டி. நிலாவாரை இலையின் அடிப்பக்கம் இரண்டு பாதியும் சமமில்லாமல் கோணலாக இருக்கும், பொடித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் சொரசொரப்பான மயிரிழைகளும் இலைத்துளைகளும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் உருவ முறையில் அது ஆர்கனைஸ்டு, அதாவது செல் அமைப்பு உள்ள சரக்கு. கரியபோளத்தில் எவ்வளவு துழாவினாலும் செல் அமைப்பு கிடைக்காது, பெருங்காயம், அபின் மாதிரி அதுவும் அன்ஆர்கனைஸ்டு. குடும்பமும் வேறு, நிலாவாரை அவரைக் குடும்பம்.

ஆனால் வேதிப்பொருளைக் கேட்டால் இரண்டும் ஒரே பெட்டிக்குள் போய்விடும்! இரண்டிலும் ஆந்த்ராகுவினோன் கிளைக்கோசைடுகள்தான் (சர்க்கரையோடு இணைந்த வேதிப்பொருள்கள்), முன்னதில் சென்னோசைடு, பின்னதில் அலோயின். இரண்டையும் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்த பிறகுதான் பேதியாகும்.

பொடியில் கலப்படம் பிடிக்க உருவ முறை, சத்தைப் பிரித்தெடுக்க வேதி முறை. என் ஓட்டு வேதி முறைக்கே, ஆனாலும் வாசனை எண்ணெயும் கொழுப்பு எண்ணெயும் சேர்ந்திருக்கும் ஜாதிக்காயை எதில் போடுவது என்று அங்கேயும் தகராறு வரும். மருத்துவப் பயன் முறை இன்னும் மோசம். சின்கோனா பட்டையின் குயினைன் மலேரியாவுக்கு, அதே பட்டையின் குயினிடின் இதயத் துடிப்பு சீர்கெட்டால். அகரவரிசை? தேடி எடுக்க வசதி, அவ்வளவுதான்.

கேள்வி: தேன் பூவிலிருந்துதானே வருகிறது, ஏன் விலங்குச் சரக்கில் சேர்த்தார்கள்? (வாசகர், தேனி)

பதில்: தேனியிலிருந்து இந்தக் கேள்வியா! பூவில் இருப்பது வெறும் சர்க்கரை நீர். தேனீ அதை உறிஞ்சி, இன்வர்டேஸ் நொதியைக் கலந்து, சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்து, கூட்டில் தண்ணீரை வற்றவைத்த பிறகுதான் அது தேன். மெழுகில் சந்தேகமே வேண்டாம், அது வேலைக்காரத் தேனீயின் வயிற்றுச் சுரப்பியிலிருந்தே வருவது. இவையும், ஆட்டு ரோமத்தில் எடுக்கும் லானோலினும், காட் மீன் ஈரல் எண்ணெயும் அன்ஆர்கனைஸ்டுதான். கேந்தாரிடிஸ் வண்டைப் போல முழுசாகக் காயவைத்து எடுத்தால் அப்போது ஆர்கனைஸ்டு.